தேதிக்கு மலை வைக்காதீர்கள்!

சுவிஸ் ரயில் பாஸில் மலைப் பயணம்: எது இலவசம், எது பாதி விலை, எந்த நாளில் எந்த உச்சி?

யுங்ஃப்ராவ்யோக் உச்சிக்கு டிக்கெட் விற்கும் நிலையங்களில் திரை ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். 3,454 மீட்டர் உயரத்தில் அந்த நிமிடம் கேமரா பார்ப்பதை அப்படியே காட்டும் திரை அது. சில காலைகளில் நீல வானமும் பனியாறும் பளிச்சென்று தெரியும். சில காலைகளில் திரை முழுக்க வெள்ளை, வேறொன்றும் இல்லை. மேலே போனாலும் இதுதான் என்று ரயில்காரர்களே சொல்லிவிடுகிறார்கள். அப்படியும் அந்த வெள்ளைத் திரைக்குக் கீழே வரிசை நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது. கையிலிருக்கும் பயணத் திட்டத்தில் ‘செவ்வாய்: யுங்ஃப்ராவ்’ என்று அச்சாகியிருக்கிறது. மறுநாள் வேறு ஊரில் ஓட்டல். இன்று விட்டால் இல்லை. இன்டர்லாக்கனிலிருந்து போய்வர முழு டிக்கெட் 200 பிராங்கைத் தாண்டும். அத்தனையும் கொடுத்து மேகத்துக்குள் நின்றுவிட்டு இறங்குகிறார்கள்.

குழுச் சுற்றுலாவில் வந்தவர்களுக்கு வேறு வழியில்லை. ஆனால், சொந்தமாகத் திட்டமிட்டு, கையில் சுவிஸ் டிராவல் பாஸோடு வருகிறவர்களும் இதே தவறைச் செய்கிறார்கள். எந்தக் காலையிலும் எந்த ரயிலிலும் ஏறலாம் என்ற உரிமைக்குத்தான் அந்தப் பாஸுக்குக் காசு கொடுக்கிறோம். வாங்கிய உரிமையை நாமே தேதி போட்டுப் பூட்டிவிட்டால் பாஸ் எதற்கு?

எதற்கெல்லாம் செல்லும்?

இந்தப் பாஸ் சுவிட்சர்லாந்திலும் லிச்சென்ஸ்டைனிலும் குடியிருக்காதவர்களுக்கு மட்டும். 3, 4, 6, 8, 15 நாள் என்று தொடர்ச்சியான நாட்களுக்குக் கிடைக்கும். ஒரு மாதத்துக்குள் விட்டுவிட்டுப் பயன்படுத்த ‘ஃப்ளெக்ஸ்’ என்ற வகை உண்டு. விலை கொஞ்சம் கூடுதல். நாடு முழுக்க ரயில், மஞ்சள் நிற அஞ்சல் பேருந்து, ஏரிப் படகு, நகரங்களின் டிராம், 500க்கும் மேற்பட்ட அருங்காட்சியகங்கள் எல்லாம் இதில் அடக்கம். சாதாரண ரயில்களில் முன்பதிவே கிடையாது. ஏறி உட்கார வேண்டியதுதான். பரிசோதகர் கேட்டால் பாஸோடு பாஸ்போர்ட்டையும் காட்ட வேண்டும்.

மலை என்று வரும்போதுதான் கணக்கு பிரிகிறது. மூன்று தட்டாக வைத்துக்கொண்டால் குழப்பம் இல்லை.

முதல் தட்டு, முழு இலவசம்: ரிகி, ஸ்டான்சர்ஹார்ன், ஸ்டோஸ். இவற்றோடு மூரன் கிராமம் வரை போகும் ரோப் காரும் ரயிலும். பெர்னினா மலைப்பாதை ரயில் இத்தாலியின் டிரானோ வரை.

இரண்டாம் தட்டு, பாதி விலை: பிலாட்டுஸ், டிட்லிஸ், செர்மாட்டின் கோர்னர்கிராட், மூரனுக்கு மேலே ஷில்ட்ஹார்ன்.

மூன்றாம் தட்டு, கால்வாசி மட்டும் தள்ளுபடி: யுங்ஃப்ராவ்யோக். கிரின்டெல்வால்ட் அல்லது வெங்கன் வரை பாஸ் செல்லும். அதற்கு மேலே 25 சதவீதக் கழிவு போக மீதியைக் கட்ட வேண்டும்.

நம் ஊர்க் குழுச் சுற்றுலாக்கள் தவறாமல் ஏற்றிக்கொண்டு போகும் இரண்டு உச்சிகள் டிட்லிஸும் யுங்ஃப்ராவ்யோக்கும். இரண்டுமே பாஸ் முழுதாகச் செல்லாத மலைகள். பாஸ் வாங்கிவிட்டு அந்த இரண்டை மட்டும் பார்த்துத் திரும்புவது, அன்னதானச் சீட்டை வைத்துக்கொண்டு ஓட்டலில் காசு கொடுத்துச் சாப்பிடுவது மாதிரி.

பாஸா, அரைக்கட்டண அட்டையா?

இன்னொரு வழியும் உண்டு. ‘ஹாஃப் ஃபேர் கார்டு’ என்ற அரைக்கட்டண அட்டையை வாங்கினால், ஒரு மாதத்துக்கு ரயில், பேருந்து, படகு எல்லாம் பாதி விலை. பெரும்பாலான மலை ரயில்களும் பாதி விலை, யுங்ஃப்ராவ்யோக் உட்பட. பாஸ் கால்வாசி குறைக்கும் இடத்தில் இந்த அட்டை அரைவாசி குறைக்கிறது.

விலை அவ்வப்போது மாறும். உதாரணத்துக்கு 2024ஆம் ஆண்டுக் கணக்கைப் பார்ப்போம். பெரியவர் ஒருவருக்கு இரண்டாம் வகுப்பில் 3 நாள் பாஸ் 244 பிராங்க், 8 நாள் 419, 15 நாள் 459. நாளொன்றுக்கு முறையே ஏறக்குறைய 81, 52, 31 பிராங்க். 8 நாளுக்கும் 15 நாளுக்கும் நடுவே வெறும் 40 பிராங்க்தான் வித்தியாசம். ஒன்பது, பத்து நாள் தங்குகிறவர்கள் 15 நாள் பாஸையே எடுத்துவிடலாம். அதே ஆண்டில் அரைக்கட்டண அட்டை 120 பிராங்க். 6 வயது முதல் 15 வரையுள்ள பிள்ளைகள், பெற்றோரில் ஒருவர் உடன் வந்தால், குடும்ப அட்டையின் பேரில் இலவசமாகப் பயணிக்கலாம். அந்த அட்டைக்குக் காசு இல்லை. கேட்டு வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

எதை எடுப்பது என்பது உங்கள் கால்களைப் பொறுத்தது. ஒரே ஊரில் தங்கி, இரண்டு பெரிய உச்சிகளை மட்டும் பார்த்துவிட்டு, மற்ற நாட்களில் ஏரிக்கரையில் நடக்கப்போகிறீர்கள் என்றால் அரைக்கட்டண அட்டை லாபம். தினமும் ரயில் ஏறுகிறவர்களுக்கும், வானத்தைப் பார்த்துக் காலையில் முடிவை மாற்றுகிறவர்களுக்கும் பாஸ். அட்டை கையில் இருந்தால் ஒவ்வொரு முறையும் டிக்கெட் விலை பார்க்கத் தோன்றும். ‘சரி, இன்னொரு பக்கமாகச் சுற்றி வருவோம்’ என்று மனம் போன போக்கில் ஏற முடியாது.

கடிகாரம் போட்ட பாதை

காலையில் முடிவு செய்தால் ரயில் கிடைக்குமா என்ற கவலை நமக்கு வருவது இயல்பு. மாதக்கணக்கில் முன்பே டிக்கெட் எடுத்துப் பழகியவர்கள் நாம். சுவிஸ் ரயில்வேயின் கட்டமைப்பே வேறு. 1982இல் நாடு முழுக்க ஒரே தாளத்தில் ஓடும் கால அட்டவணையைக் கொண்டுவந்தார்கள். ஒரு வண்டி 8.04க்குக் கிளம்பினால் 9.04க்கும் 10.04க்கும் அதே வண்டி இருக்கும். முக்கியப் பாதைகளில் அரைமணிக்கு ஒன்று. ‘பான் 2000’ என்ற திட்டத்துக்கு 1987இல் மக்கள் வாக்கெடுப்பில் ஒப்புதல் கிடைத்தது. 2004 டிசம்பரில் அதன் முதல் கட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. பெரிய நிலையங்களுக்கு எல்லாத் திசை வண்டிகளும் மணி அடிப்பதற்குச் சற்று முன் வந்து சேர வேண்டும், சற்றுப் பின் கிளம்ப வேண்டும் என்பது அதன் விதி. அதற்காகவே புதிய பாதை போட்டு சூரிச்–பெர்ன் பயணத்தை 56 நிமிடத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு மணி நேரத்துக்குள் வந்தால் போதும், அதற்கு மேல் வேகம் தேவையில்லை.

இந்த ஒழுங்குக்கு அடையாளம் நிலையங்களில் தொங்கும் கடிகாரம். ஹான்ஸ் ஹில்ஃபிக்கர் என்ற பொறியாளர் 1944இல் வடிவமைத்தது. அதன் சிவப்பு நொடிமுள் சுமார் 58.5 நொடியிலேயே ஒரு சுற்றை முடித்துவிட்டு, 12இல் நின்று, அடுத்த நிமிடத்துக்கான சமிக்ஞை வந்த பிறகே நகரும்.

பயணிக்கு இதனால் என்ன லாபம்? வண்டி மாற ஐந்து நிமிடம் என்று சுவிஸ் ரயில்வேயின் செயலி காட்டினால் நம்பலாம். தவறவிட்டாலும் அடுத்த வண்டி அரைமணியிலோ ஒரு மணியிலோ வரும். சுவரில் ஒட்டியிருக்கும் மஞ்சள் தாள் புறப்பாடு. வெள்ளைத் தாள் வருகை. நடைமேடையில் ஏ, பி, சி, டி என்று பகுதி பிரித்திருப்பதைக் கவனிக்க வேண்டும். இன்டர்லாக்கன் ஓஸ்ட்டில் கிளம்பும் மலை ரயில் ஸ்வைலூட்ஷினன் என்ற இடத்தில் இரண்டாகப் பிரியும். ஒரு பாதி லாட்டர்புருன்னன் போகும், மறுபாதி கிரின்டெல்வால்ட் போகும். பெட்டி மாறி உட்கார்ந்தால் மலையே மாறிவிடும்.

ஏறுவதைவிட இறங்குவதில்தான் கவனம் வேண்டும். சமவெளி ரயில்கள் நள்ளிரவு வரை ஓடினாலும், பல உச்சிகளிலிருந்து கடைசி வண்டி மாலையிலேயே கிளம்பிவிடும். மேலே போனதும் முதல் வேலை, கடைசி இறக்கம் எத்தனை மணிக்கு என்று பார்த்து வைப்பது.

வானம் பார்த்து மலை

காலையில் ஏழு மணிக்கு இரண்டு விஷயம் பார்த்தால் போதும். சுவிஸ் வானிலைத் துறையின் செயலி ஒன்று, போகவிருக்கும் மலைகளின் நேரலைக் கேமரா இன்னொன்று. முன்னறிவிப்பு மாவட்டத்துக்குச் சொல்லும்; கேமரா அந்த உச்சிக்குச் சொல்லும். பிறகு முடிவு இப்படி:

வானம் முழுத் தெளிவு என்றால், காசு அதிகம் கேட்கும் உயர்ந்த மலைக்கு அதுதான் நாள். யுங்ஃப்ராவ்யோக்கோ கோர்னர்கிராட்டோ அன்றே, முதல் வண்டிகளிலேயே. கோடையில் நண்பகலுக்குப் பிறகு மேகம் திரளும், மாலையில் இடி மழை வரும். பத்து மணிக்கே உச்சியில் இருப்பவருக்குக் கிடைக்கும் காட்சி மூன்று மணிக்குப் போகிறவருக்குக் கிடைக்காது.

மேகம் உயரத்தில், அடிவாரம் தெளிவு என்றால், 2,000 மீட்டருக்குள் அடங்கும் மலைகள். ரிகி 1,798 மீட்டர், ஸ்டான்சர்ஹார்ன் 1,898 மீட்டர். மேகத்துக்குக் கீழே நின்று ஏரிகளைப் பார்க்கலாம்.

இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் நிலைமை தலைகீழாகும். குளிர்ந்த காற்று தாழ்வாகத் தேங்கி, லூசெர்ன், சூரிச் நகரங்கள் நாள்கணக்கில் சாம்பல் மூட்டத்தில் கிடக்கும். அந்த மூட்டத்துக்கு மேலே வெயில் கொளுத்தும். ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு ‘இன்று வேண்டாம்’ என்று முடிவெடுப்பவர் ஏமாறுவார். ரிகியின் கேமராவைத் திறந்தால் கீழே மேகக் கடல், மேலே நீலம்.

வடக்கு முழுக்க மழை என்றால் தெற்கே போங்கள். ஆல்ப்ஸ் ஒரு சுவர். ஒரு பக்கம் கொட்டும்போது மறுபக்கம் காய்வது அடிக்கடி நடக்கும். 2016இல் திறந்த 57 கிலோமீட்டர் கோத்தார்ட் சுரங்கத்தின் வழியே லூசெர்னிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் லுகானோ. அங்கே பனை மரமும் இத்தாலிய மொழியும். இரண்டு பக்கமும் மழை என்றால் பாஸில் இலவசமான மோன்ட்ரோ பக்கத்து ஷியோன் கோட்டையோ சூரிச் தேசிய அருங்காட்சியகமோ இருக்கவே இருக்கின்றன.

உடைக்கும் ஒரு கணக்கு உண்டு. 1,000 மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். இன்டர்லாக்கனில் 25 டிகிரி இருக்கும்போது யுங்ஃப்ராவ்யோக்கில் ஏறக்குறைய 6. காற்றடித்தால் இன்னும் குறைவாக உறைக்கும். காற்றின் அழுத்தமும் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். படியேறினால் மூச்சு வாங்கும். இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான் அந்த உயரத்துக்குப் போக வேண்டும்.

லூசெர்னிலிருந்து மூன்று நாள்

இத்தனை மாற்றத்துக்கும் இடம் வேண்டுமானால் தினம் ஓர் ஊர் என்று பெட்டியைத் தூக்கக் கூடாது. இரண்டே ஊர் போதும். முதலாவது லூசெர்ன். ரிகி, ஸ்டான்சர்ஹார்ன், ஸ்டோஸ், பிலாட்டுஸ், டிட்லிஸ் ஐந்துக்கும் இங்கிருந்து காலையில் கிளம்பி மாலையில் திரும்பலாம்.

ரிகிக்குப் போன வழியே திரும்பாதீர்கள். ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே படகுத்துறை. ஒரு மணி நேரம் ஏரியில் போனால் விட்ஸ்னாவ். அங்கிருந்து சிவப்பு நிறப் பல்சக்கர ரயிலில் அரைமணியில் உச்சி. இறங்கும்போது மறுபக்கம் ஆர்த்–கோல்டாவுக்குப் போகும் வண்டியைப் பிடித்து, அங்கிருந்து சாதாரண ரயிலில் லூசெர்ன். படகு, மலை ரயில் இரண்டு, சமவெளி ரயில் ஒன்று. ஒரு பிராங்கும் கூடுதலாகக் கட்ட வேண்டாம்.

ஸ்டான்சர்ஹார்னில் இரண்டு காலம் ஒரே மலையில் இருக்கிறது. அடிவாரத்தில் 1893ஆம் ஆண்டின் மரப்பெட்டி இழுவை ரயில். பழனியில் வின்ச் என்கிறோமே, அந்த வகை. பாதி வழியில் மாறினால் 2012இல் வந்த இரண்டடுக்கு ரோப் கார், மேல்தளத்துக்குக் கூரை இல்லை. குளிர்காலத்தில் இது ஓடாது.

ஸ்டோஸுக்கு ஷ்வீட்ஸ் வரை ரயில், பிறகு பேருந்து, பிறகு 2017 டிசம்பரில் திறந்த இழுவை ரயில். உலகிலேயே செங்குத்தான ஃபனிகுலர் இதுதான். மிகச் சரிவான இடத்தில் 100 மீட்டர் முன்னே போவதற்குள் 110 மீட்டர் மேலே ஏறுகிறது. உருளை வடிவப் பெட்டிகள் சுழன்றுகொடுப்பதால், உள்ளே நிற்பவர்களின் தரை மட்டமாகவே இருக்கும்.

பெட்டிச் செய்தி: ரிகியும் ஊட்டியும்

ரிகி ரயில் 1871 மே 21 அன்று ஓடத் தொடங்கியது. ஐரோப்பாவின் முதல் மலைப் பல்சக்கர ரயில். அமைத்தவர் நிக்லாவுஸ் ரிகன்பாக். இரண்டு தண்டவாளத்துக்கு நடுவே ஏணி போல ஓர் இரும்பு. இன்ஜினின் பல்சக்கரம் அதைப் பற்றிக்கொண்டு ஏறும். 1880களில் இதே ரிகன்பாக் நீலகிரிக்கும் திட்டம் கொடுத்தார். ‘ரிகி’ பெயரிலேயே கம்பெனி தொடங்கியும் பணம் திரளவில்லை. கடைசியில் மேட்டுப்பாளையம்–குன்னூர் பாதை 1899இல் வேறொரு சுவிஸ்காரரான ரோமன் ஆப்ட்டின் முறையில் அமைந்தது. ஆப்ட், ரிகன்பாக்கிடம் வேலை பார்த்தவர். கோர்னர்கிராட் ரயிலிலும் ஆப்ட் முறைதான். குன்னூர் மலையேறிய புகழ்பெற்ற ‘எக்ஸ்’ வகை நீராவி இன்ஜின்களைச் செய்தது சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் தொழிற்சாலை. ஊட்டி ரயிலின் சரிவு 8.33 சதவீதம். ரிகியில் 25. லூசெர்ன் பக்கத்து பிலாட்டுஸில் 48. 1889 முதல் உலகின் செங்குத்தான பல்சக்கர ரயில் அதுவே.

இன்டர்லாக்கன் பக்கம்

இரண்டாவது தங்குமிடம் இன்டர்லாக்கன் அல்லது அதற்கு 20 நிமிடம் மேலே உள்ள லாட்டர்புருன்னன். யுங்ஃப்ராவ்யோக்குக்குப் போவதாக முடிவானால் ஏறும் வழியும் இறங்கும் வழியும் வேறாக இருக்கட்டும். கிரின்டெல்வால்ட் டெர்மினலிலிருந்து 2020இல் வந்த ஐகர் எக்ஸ்பிரஸ் ரோப் காரில் 15 நிமிடத்தில் ஐகர்கிளெட்ஷர். அங்கிருந்து மலையைக் குடைந்த ரயில். தொழிலதிபர் அடால்ஃப் குயர்-செல்லர் கனவு கண்டு 1896இல் தொடங்கிய பாதை இது. அவர் 1899இல் இறந்துவிட்டார். உச்சி நிலையம் திறந்தது 1912 ஆகஸ்ட் 1. மேலே ஆல்ப்ஸின் மிக நீளமான அலெட்ஷ் பனியாறு கண்முன் விரியும். இறங்கும்போது கிளைன ஷைடெக், வெங்கன் வழியாக வந்தால் மலையின் மறுமுகமும் கிடைக்கும்.

கோர்னர்கிராட்டை இங்கிருந்து ஒரே நாளில் பார்த்துத் திரும்பலாம். ஆனால் நாள் நீளமாகும். விஸ்ப்பில் மாறி செர்மாட், அங்கிருந்து 3,089 மீட்டர் உச்சி. ஏறும்போது வலப்பக்கம் உட்கார்ந்தால் மாட்டர்ஹார்ன் கூடவே வரும்.

பெர்னினாவுக்கும் ஓர் எச்சரிக்கை. ‘பெர்னினா எக்ஸ்பிரஸ்’ என்ற கண்ணாடிப் பெட்டி வண்டிக்குப் பாஸ் இருந்தாலும் இருக்கைக் கட்டணம் கட்டி முன்பதிவு செய்ய வேண்டும். அதே தண்டவாளத்தில் மணிக்கு ஒன்றாக ஓடும் சாதாரண வண்டிக்கு அது வேண்டாம். பல்சக்கரம் இல்லாமலே 2,253 மீட்டர் வரை ஏறும் இந்தப் பாதை 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. சூரிச்சிலிருந்து போகிறவர்கள் டிரானோ வரை ஓடி அலுத்துப்போகாமல், பாலூ பனியாற்றைப் பார்க்கும் ஆல்ப் கிரூம் நிலையத்தில் இறங்கித் திரும்பலாம்.

நம் பள்ளி விடுமுறையில் போனால்

தமிழ்நாட்டுக் குடும்பங்கள் கிளம்புவது பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில். ஆல்ப்ஸில் அது இடைக்காலம். பனிச்சறுக்கு முடிந்து கோடை தொடங்குவதற்கு முன் பல ரோப் கார்களைப் பராமரிப்புக்காக நிறுத்துவார்கள். நவம்பரிலும் அப்படியே. பிலாட்டுஸ் பல்சக்கர ரயில் குளிர்காலம் முழுக்க ஓடாது. உயரமான நடைபாதைகளில் ஜூன் வரை பனி கிடக்கும். ரிகி, யுங்ஃப்ராவ்யோக், கோர்னர்கிராட் மூன்றும் ஆண்டு முழுக்க இயங்குபவை. ஏப்ரலில் போகிறவர்கள் இவற்றைச் சுற்றியே திட்டமிடலாம். எதுவானாலும் அந்தந்த மலையின் இணையதளத்தில் ஓடும் தேதிகளைப் பார்த்துவிட்டுத்தான் விமான டிக்கெட்டுக்குக் கை வைக்க வேண்டும்.

சாப்பாட்டுக்கு மலையுச்சி உணவகத்தை நம்பினால் பர்ஸ் இளைக்கும். சூரிச், பெர்ன் நகரங்களில் ஈழத் தமிழர்களின் மளிகைக் கடைகள் உண்டு. மற்ற ஊர்களில் மிக்ரோ, கோப் கடைகளில் ரொட்டியும் பழமும் தயிரும் வாங்கி எடுத்துக்கொள்ளலாம். ரயிலில் உட்கார்ந்து சாப்பிட யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். குடிநீர் ஊருக்கு ஊர் தொட்டிகளில் ஓடுகிறது.

ஒரே ஒரு மலை என்றால்?

எட்டு நாளுக்கு மூன்று உச்சி போதும். ஐந்தாறு மலைப் பெயரைத் தேதி போடாமல் எழுதி வைத்துக்கொண்டால் மூன்று தெளிந்த காலைகள் தாமாக அகப்படும். அதற்கும் நாளில்லை, ஒரே ஒரு மலைக்குத்தான் நேரம் என்பவர்களுக்கு மூரனையே சொல்வேன். லாட்டர்புருன்னனிலிருந்து ரோப் காரில் குரூட்ஷால்ப் ஏறி, அங்கிருந்து பாறை விளிம்பிலேயே ஓடும் சின்ன ரயிலில் 1,638 மீட்டர் உயரக் கிராமம். பாஸே போதும். ஐகர், மோன்ஹ், யுங்ஃப்ராவ் மூன்று சிகரங்களும் பள்ளத்தாக்குக்கு எதிரே வரிசையாக நிற்கும். பெற்றோருக்கு மூச்சுத் திணறாது, பிள்ளைகளுக்கு ஓட இடம் உண்டு. அங்கே நின்று தலையை நிமிர்த்திப் பாருங்கள். 1969இல் வெளியான ஜேம்ஸ் பாண்ட் படத்தை எடுத்த ஷில்ட்ஹார்ன் 2,970 மீட்டரில் தெளிவாகத் தெரிந்தால் அரை டிக்கெட் வாங்கி ஏறுங்கள். தெரியாவிட்டால் ஒரு காபியைக் குடித்துவிட்டு இறங்குங்கள். பணம் கொடுப்பதற்கு முன்பே பொருளைத் திரையில் அல்லாமல் நேரே கண்ணால் பார்த்துக்கொள்ள இந்த மலையில் வழியிருக்கிறது.